கோப்ளினுக்கு ஹிட் பாயின்ட் ஏழா, பத்தா? டி அண்ட் டி விளையாடப் போகிறவர் எதை, எங்கே தேடுவது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக விளையாடும் விளையாட்டு. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விதமான ஆலோசனை கிடைக்கும். "அதுக்கு மூணு தடிப் புத்தகம் வாங்கணும், எல்லாம் இறக்குமதி, நமக்குக் கட்டுப்படியாகாது" என்பார் ஒருவர். "எல்லாம் நெட்டில் ஃப்ரீயா கிடக்குது, டவுன்லோடு பண்ணிக்கோ" என்பார் இன்னொருவர். முதல் ஆள் பேச்சைக் கேட்டால் விளையாட்டே தொடங்காது. அடுத்தவர் பேச்சைக் கேட்டால் ஒரே இரவில் கணினி நிறையக் கோப்புகள் சேர்ந்துவிடும். அவற்றில் பல ஒன்றோடொன்று பொருந்தாது. சில திருட்டுப் பிரதிகளாக இருக்கும். எதைத் திறந்து எங்கிருந்து படிப்பது என்று தெரியாமல் அந்த வாரமே ஆசை வடிந்துவிடும்.

இந்த விளையாட்டின் அடிப்படை விதிகளை, அதை வெளியிடும் நிறுவனமே சட்டப்படி எல்லோருக்கும் திறந்து கொடுத்திருக்கிறது. அது எப்படி நடந்தது, அதில் எது உண்டு, எது இல்லை என்று புரிந்துகொண்டால் தேடல் பாதி முடிந்த மாதிரி. ஒரு கோப்பு கைக்கு வந்ததும் கேட்க வேண்டியது இதுதான்: இது எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது? இதைப் பகிரும் அனுமதி எங்கிருந்து வந்தது? படம் அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

முதலில், மேசையில் என்ன நடக்கிறது

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்து இந்த விளையாட்டு வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். அதற்கு முன்பு அவர்கள் சிறு பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி விளையாடும் போர் விளையாட்டுகளில் ஊறியவர்கள். ஆளுக்கு ஒரு படை என்பதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரே ஒரு மனிதன் என்று மாற்றினார்கள். அந்த மனிதனுக்குப் பெயர் உண்டு, பயம் உண்டு, கடன் உண்டு. ஒரு சண்டையில் பிழைத்தால் அடுத்த வாரமும் அவனாகவே விளையாடலாம்.

மேசையில் ஒருவர் டன்ஜன் மாஸ்டர். உலகத்தை விவரிப்பதும், எதிரிகளாகவும் ஊர்க்காரர்களாகவும் பேசுவதும், சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, "நான் மதில் மேல் ஏறுகிறேன்" என்று தங்கள் செயலைச் சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத செயல் என்றால் இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்ட வேண்டும்.

கணக்கு இவ்வளவுதான். உங்கள் வீரனின் உடல் வலிமை 16 என்றால் அதற்கு +3, அதாவது பகடையில் விழும் எண்ணோடு 3 கூட்ட வேண்டும். மதில் ஏறுவதில் அவனுக்குப் பயிற்சி இருந்தால் தொடக்க நிலையில் இன்னொரு +2. மதில் நடுத்தரக் கடினம் என்று டன்ஜன் மாஸ்டர் முடிவு செய்தால் இலக்கு எண் 15. ஆக, பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஏறிவிடுவான். இருபதில் பதினொரு வாய்ப்பு, அதாவது 55 சதவீதம். கீழே இருந்து நண்பன் கயிறு பிடித்துத் தந்து சூழ்நிலை சாதகமாக இருந்தால், இரண்டு பகடை உருட்டி அதிகமானதை எடுத்துக்கொள்ளலாம். அப்போது வாய்ப்பு கிட்டத்தட்ட 80 சதவீதம் ஆகிவிடும்.

இந்த ஒரு பத்தியை மனதில் வைத்தாலே பாதி இரவு விளையாடிவிடலாம். மீதி இருப்பதெல்லாம் பட்டியல்கள்: எந்த மந்திரம் என்ன செய்யும், எந்த வாள் எவ்வளவு காயப்படுத்தும், எந்தப் பூதத்துக்கு எவ்வளவு பலம். தடிப் புத்தகங்கள் தடிப்பாக இருப்பது பெரும்பாலும் இந்தப் பட்டியல்களால்தான்.

தேடுவது எதை?

"டி அண்ட் டி ரிசோர்ஸ்" என்று தேடினால் வருவதெல்லாம் ஒரே வகை இல்லை. விதிகள் ஒரு வகை. சாகசம் இன்னொரு வகை: இடம், ஆட்கள், சிக்கல், வரைபடம் எல்லாம் தயாராக எழுதப்பட்ட ஒரு கதைக்களம் அது. ஒரே அமர்வில் முடியும் சாகசத்தை ஒன்-ஷாட் என்பார்கள். மூன்றாவது வகை கருவிகள். பகடை உருட்டும் செயலி, வரைபடம் வரையும் தளம், சண்டையின் கடினத்தைக் கணக்கிடும் பக்கம் போன்றவை.

புதியவர்கள் அதிகம் சேர்ப்பது விதிகளை. அவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது ஒரே ஒரு நல்ல சாகசம். விதி தெரியாவிட்டால் டன்ஜன் மாஸ்டர் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்துவிடலாம். கதவைத் திறந்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் மேசை மொத்தமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பதிப்பு: பெரும்பாலான குழப்பத்தின் ஊற்று

டெஸ்ட், ஒரு நாள், டி20 எல்லாமே கிரிக்கெட்தான். மட்டையும் பந்தும் ஸ்டம்பும் அதேதான். ஆனால் பவர்பிளே விதியை டெஸ்ட் மேட்சில் கேட்டால் நடுவர் சிரிப்பார். டி அண்ட் டியின் பதிப்புகளும் அப்படித்தான். 1974க்குப் பிறகு இந்த விளையாட்டு பலமுறை திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. 1989இல் வந்தது இரண்டாம் பதிப்பின் விதிகள். மூன்றாம் பதிப்பு 2000இல், அதன் திருத்தமான 3.5 2003இல், நான்காம் பதிப்பு 2008இல், ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தன. 2024இல் ஐந்தாம் பதிப்பின் முக்கியப் புத்தகங்களைத் திருத்தி மறுபடி வெளியிடத் தொடங்கினார்கள். இணையத்தில் இவை எல்லாவற்றுக்குமான பொருட்கள் ஒரே குவியலாகக் கிடக்கின்றன.

பழைய பதிப்புகளில் என்ன சிக்கல் என்பதற்கு ஏசி நல்ல உதாரணம். குளிரூட்டி இல்லை, ஆர்மர் கிளாஸ்: ஒருவரை அடிப்பது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண். இன்றைய விதியில் இந்த எண் கூடக் கூடப் பாதுகாப்பு அதிகம். 2000க்கு முந்தைய பதிப்புகளில் தலைகீழ். எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம். 1980களில் வந்த ஒரு சாகசத்தில் கோப்ளின் என்ற குட்டிப் பூதத்துக்கு ஏசி 6 என்று போட்டிருக்கும். அதை அப்படியே இன்றைய மேசைக்குக் கொண்டுவந்தால் தாக்குதலுக்கு +5 வைத்திருக்கும் வீரனுக்கு அது அசையாத பொம்மை மாதிரி. பழைய எண்ணை 20இலிருந்து கழித்துக்கொண்டால் ஏறத்தாழ சரியாக வரும். 6 என்பது 14 ஆகும். இந்தச் சின்னக் கழித்தல் தெரிந்தால் போதும், பல பத்தாண்டுகளின் பழைய சாகசங்கள் உங்களுக்குப் பயன்படும்.

இதைவிட நுட்பமான சிக்கல் 2014க்கும் 2024க்கும் இடையில் இருக்கிறது. இரண்டையும் பலர் "ஐந்தாம் பதிப்பு" என்றே எழுதுகிறார்கள். 2014 விதியில் சாதாரணக் கோப்ளினுக்கு ஹிட் பாயின்ட், அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண், 7. புதிய விதியில் கோப்ளின் போர்வீரனுக்கு 10. மூன்று புள்ளிதானே என்று தோன்றலாம். ஆனால் சண்டையின் கடினத்தைக் கணிக்கும் முறையே மாறிவிட்டது.

நான்கு தொடக்க நிலை வீரர்கள், எதிரே நான்கு கோப்ளின்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோப்ளினை வீழ்த்தினால் 50 அனுபவப் புள்ளி, மொத்தம் 200. 2014 முறையில் எதிரிகள் மூன்று முதல் ஆறு பேர் என்றால் அந்தத் தொகையை இரண்டால் பெருக்க வேண்டும். 400 வரும். தொடக்க நிலையில் நான்கு பேருக்கு "உயிருக்கு ஆபத்து" என்ற கோடு சரியாக 400. 2024 முறையில் அந்தப் பெருக்கல் கிடையாது. 200 என்பது நான்கு பேருக்கு "குறைந்த கடினம்" என்ற வரம்புக்குள் வருகிறது. ஒரே சண்டை, ஒரு கணக்கில் எமன் வாசல், இன்னொரு கணக்கில் கை பழகும் விளையாட்டு.

எது சரி என்று கேட்டால், தொடக்க நிலை வீரர்கள் விஷயத்தில் பழைய கணக்கின் பயத்தையே நான் நம்புவேன். புதியவர்களுக்காக 2014இல் வந்த தொடக்கப் பெட்டியின் சாகசத்தில் முதல் சண்டையே பதுங்கியிருக்கும் நான்கு கோப்ளின்களோடுதான். அந்தப் பதுங்கல் பல குழுக்களை முதல் மணி நேரத்திலேயே முடித்து வைத்ததற்காகப் பேர் போனது.

ஆக, எந்தக் கோப்பை எடுத்தாலும் முதல் பக்கத்தில் ஆண்டையோ பதிப்பையோ தேடுங்கள். உங்கள் மேசை 2014ஆ, 2024ஆ என்று முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். எதுவானாலும் பரவாயில்லை, கலக்காமல் இருந்தால் சரி.

எஸ்ஆர்டி என்றால் என்ன

இனி அனுமதி விஷயம். இங்கேதான் பலருக்குத் தடுமாற்றம், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

விளையாடும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமே சொல்லும் நிலைப்பாடு. இருபது முகப் பகடையை உருட்டி ஓர் எண்ணைக் கூட்டுவதை யாரும் தன் சொத்து என்று பூட்ட முடியாது. ஆனால் அந்த முறையை விளக்கி எழுதிய வாக்கியங்களுக்கும், ஓவியங்களுக்கும், புதிதாகப் படைத்த பாத்திரங்களுக்கும் உரிமை உண்டு. விளையாட்டில் இவை இரண்டும் பின்னிப் பிணைந்திருக்கின்றன. ஒரு மந்திரத்தின் விளைவு முறையா, வாக்கியமா? பிரித்துக் காட்டு என்றால் வக்கீலுக்கே வேர்க்கும்.

1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் டி அண்ட் டியை வாங்கியது. 1999இல் அந்த நிறுவனத்தையே ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, அங்கே பொறுப்பில் இருந்த ரயன் டான்சி முன்னின்று ஒரு வித்தியாசமான ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். கணக்கு எளிது. சாகசப் புத்தகத்தை வாங்குபவர் பெரும்பாலும் டன்ஜன் மாஸ்டர் ஒருவர்தான், அதில் லாபம் குறைவு. விதிப் புத்தகத்தை மேசையில் இருக்கும் எல்லோரும் வாங்குவார்கள். அப்படியானால் சாகசங்களை ஊரார் எழுதட்டும், நம் விதிப் புத்தகம் விற்கட்டும். அதற்காக விதிகளின் மையப் பகுதியை மட்டும் தனியே தொகுத்து, ஓவியமும் கதையும் இல்லாமல், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார்கள். அந்தத் தொகுப்புதான் சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட், சுருக்கமாக எஸ்ஆர்டி. அதற்கான நிபந்தனைப் பத்திரத்தின் பெயர் ஓப்பன் கேம் லைசென்ஸ்.

இது வெறும் தாராளம் இல்லை, வியாபாரம்தான். ஆனால் அதன் விளைவு அவர்களே எதிர்பாராத இடத்தில் தெரிந்தது. 2008இல் நான்காம் பதிப்பு வேறு கட்டுப்பாடான நிபந்தனைகளோடு வந்தது. பலருக்குப் பிடிக்கவில்லை. பாய்சோ என்ற நிறுவனம் திறந்து கிடந்த 3.5 எஸ்ஆர்டியை எடுத்து, செப்பனிட்டு, 2009இல் பாத்ஃபைண்டர் என்ற பெயரில் சொந்த விளையாட்டாகவே வெளியிட்டது. தந்த விதிகளை வைத்தே தந்தவருக்குப் போட்டியாக ஒரு கடை.

ஐந்தாம் பதிப்புக்கான எஸ்ஆர்டி 2016இல் வந்தது. பிறகு 2023 ஜனவரியில் பழைய உரிமத்தைச் செல்லாததாக்கி, கடுமையான புதிய உரிமம் கொண்டுவரும் வரைவு ஒன்று வெளியே கசிந்தது. விளையாட்டுக்காரர்கள் கொதித்துப் போனார்கள். நிறுவனம் கருத்துக் கேட்டபோது 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் அனுப்பினார்கள். அந்த ஜனவரி 27ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கியது. 2014 விதிகளை ஒட்டிய எஸ்ஆர்டி 5.1 முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வைத்துவிட்டது. 2024 விதிகளை ஒட்டிய எஸ்ஆர்டி 5.2 2025 ஏப்ரலில் அதே உரிமத்தில் வந்தது.

கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது விளையாட்டுக்காக உண்டான உரிமம் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு உரிமத்தில்தான் இருக்கின்றன. எஸ்ஆர்டிக்குக் கொடுத்திருப்பது அந்தக் குடும்பத்தில் மிக இளகிய வகைகளில் ஒன்று. மூலம் எங்கிருந்து என்று அவர்கள் சொல்லும்படி ஒரு வரி குறிப்பிட்டால் போதும். நகலெடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடித்து விற்கக்கூடச் செய்யலாம். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியாது. சும்மா ஒரு தகவலுக்குச் சொல்கிறேன்: நாளைக்கே ஒருவர் உட்கார்ந்து இந்த விதிகளைத் தமிழில் எழுதி வெளியிட நினைத்தால் யாருக்கும் மனுப் போட வேண்டியதில்லை.

அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

எஸ்ஆர்டி 5.1 சுமார் 400 பக்கம். போர்வீரன், மந்திரவாதி, திருடன் என்று பன்னிரண்டு வகைப் பாத்திரங்களும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் உட்பிரிவுதான். பின்னணிக் கதைக்கு ஒரே ஒரு மாதிரி மட்டும். மந்திரங்களும் பூதங்களும் நிறையவே உண்டு. வருடக்கணக்கில் விளையாட இது போதும். பணம் கொடுத்து வாங்கும் புத்தகங்களில் கூடுதலாகக் கிடைப்பது முக்கியமாகத் தேர்வுகள், ஓவியங்கள், அப்புறம் டன்ஜன் மாஸ்டருக்கான அறிவுரைகள்.

நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்டவையும் உண்டு. மிதக்கும் உருண்டை உடலும் பல கண்களும் கொண்ட பிஹோல்டர், மூளையைத் தின்னும் மைண்ட் ஃபிளேயர் போன்ற பூதங்களை ஆரம்பத்திலிருந்தே தன் சொந்தப் படைப்பு என்று தள்ளி வைத்திருக்கிறது. உங்கள் வீட்டு மேசையில் அவற்றைக் கொண்டுவந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. நீங்கள் எழுதி விற்கும் சாகசத்தில் வந்தால்தான் வில்லங்கம். மினோட்டார், பாசிலிஸ்க் மாதிரியானவை பழங்கதைகளிலிருந்து வந்தவை, அவை யாருக்கும் சொந்தமில்லை.

இந்தக் கோட்டுக்கு மறுபக்கம் நின்று அடி வாங்கிய அனுபவம் டி அண்ட் டிக்கே உண்டு. தொடக்கக் காலப் புத்தகங்களில், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் ஹாபிட்டுகள் அதே பெயரில் இருந்தார்கள். 1970களில் உரிமை வைத்திருந்தவர்கள் சண்டைக்கு வந்ததும் ஹாபிட் ஹாஃப்லிங் ஆனது, என்ட் ட்ரீயன்ட் ஆனது, பால்ராக் பேலார் ஆனது. இன்றைக்கும் எஸ்ஆர்டியில் இருப்பது ஹாஃப்லிங்தான்.

சுருக்கமாகச் சொன்னால், இலவசம் என்பதும் திறந்தது என்பதும் வேறுவேறு. நிறுவனத்தின் தளத்தில் அடிப்படை விதிகள் என்று ஒரு தொகுப்பு இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. படிக்கலாம், விளையாடலாம், அவ்வளவுதான். எஸ்ஆர்டி திறந்தது, எடுத்து உங்கள் படைப்பில் சேர்க்கலாம். யாரோ ஸ்கேன் செய்து ஏற்றிய புத்தகம் இலவசம்போலத் தெரியும், ஆனால் அது இரண்டிலும் சேர்த்தி இல்லை.

எங்கே தொடங்குவது

சனிக்கிழமை நான்கு பேர் வருகிறார்கள் என்றால் தேவைப்படுவது குறைவு. ஒரு எஸ்ஆர்டி கோப்பு, முதல் நிலைக்கு எழுதப்பட்ட ஒரு ஒன்-ஷாட், தயாராக எண்கள் போட்ட நான்கு பாத்திரத் தாள்கள், பகடை. பல முகப் பகடைகள் உள்ளூரில் கிடைக்காவிட்டால் கூகிளில் ரோல் டைஸ் என்று தேடினாலே நான்கு முகம் முதல் இருபது முகம் வரை உருட்டித் தரும். பணம் செலவு செய்யத் தயார் என்றால் தனித்தனிப் புத்தகங்களைவிடத் தொடக்கப் பெட்டிதான் நல்ல செலவு. 2014 பெட்டியில் 32 பக்க விதி நூல், 64 பக்கச் சாகசம், ஐந்து தயார்ப் பாத்திரங்கள், ஆறு பகடைகள் இருந்தன. நான்கு ஐந்து பேர் பல வாரம் விளையாடும் அளவு.

சாகசம் தேடுபவர்கள் டிஎம்ஸ் கில்ட் என்ற தளத்தைப் பார்க்கலாம். 2016இல் தொடங்கியது. விசார்ட்ஸின் சொந்தக் கற்பனை உலகங்களையும் பூதங்களையும்கூட இங்கே பயன்படுத்தி எழுத அனுமதி உண்டு. விற்பனையில் பாதி எழுதியவருக்கு, மீதி தளத்துக்கும் நிறுவனத்துக்கும். "விரும்பிய விலை கொடுங்கள்" என்று போட்டிருப்பவை நிறைய, பூஜ்யம் போட்டும் எடுக்கலாம். பிடித்திருந்தால் அப்புறம் வந்து கொடுத்துவிட்டுப் போவது மரியாதை. இதே குடும்பத்தின் டிரைவ்த்ரூ ஆர்பிஜி தளத்தில் மற்ற எல்லா விளையாட்டுகளும் கிடைக்கும்.

டி அண்ட் டிதான் வேண்டும் என்று கட்டாயமில்லாதவர்களுக்கு வழி இன்னும் அகலம். பாத்ஃபைண்டரின் விதிகள் முழுவதும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் என்ற தளத்தில், பாய்சோவின் ஒப்புதலோடு, இலவசமாக இருக்கின்றன. பழைய பாணி எளிமை பிடித்தவர்களுக்கு பேசிக் ஃபேன்டஸி இருக்கிறது, பிடிஎஃப் இலவசம். இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் கெய்ர்ன் என்ற விளையாட்டின் முதல் பதிப்பு இருபத்துச் சொச்சம் பக்கம்தான். ஒரு மாலையில் படித்து அன்றிரவே விளையாடிவிடலாம். விதிப் புத்தகத்தைப் பார்த்தாலே கொட்டாவி வரும் நண்பர்கள் இருந்தால் நான் இதையே முதலில் நீட்டுவேன்.

நண்பர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறியிருந்தால் மெய்நிகர் மேசை தேவைப்படும். உலாவியில் வரைபடத்தை விரித்து எல்லோரும் சேர்ந்து பொம்மைகளை நகர்த்தும் தளம் அது. 2012இலிருந்து இருக்கும் ரோல்20இல் இலவசக் கணக்கே தொடக்கத்துக்குப் போதும். ஃபவுண்ட்ரி ஒருமுறை விலை கொடுத்து வாங்குவது, குழுவில் ஒருவர் வாங்கினால் மற்றவர்களுக்குச் செலவில்லை. ஆனால் அமைக்கப் பொறுமை வேண்டும். வெறும் வரைபடமும் பொம்மையும் போதும் என்பவர்களுக்கு அவுல்பேர் ரோடியோ.

வரைபடத்துக்கு வாடபூ என்பவரின் இடைக்கால நகர உருவாக்கி பார்க்கவே ஆனந்தம். ஒரு சொடுக்கில் மதில், கோட்டை, சந்தை, தெருக்களோடு ஒரு ஊரை வரைந்து தரும். டான்ஜான் என்ற தளம் நிலவறை வரைபடத்தோடு, அறைக்கு அறை என்ன இருக்கிறது என்பதையும் நிரப்பித் தரும். அப்படியே எடுத்தால் கதை உப்புச் சப்பில்லாமல் இருக்கும். பத்து அறையில் நான்கை வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடுங்கள்.

ஊர் பேர் தெரியாதவர் எழுதிய விதிகள்

விளையாட்டுக்காரர்கள் தாங்களே எழுதிச் சேர்க்கும் விதி, மந்திரம், பூதம் எல்லாவற்றுக்கும் ஹோம்ப்ரூ என்று பெயர். இணையத்தில் இதுதான் ஏராளம். அழகான பக்க வடிவமைப்பைப் பார்த்து அதிகாரபூர்வமானது என்று ஏமாறுவது சகஜம், ஏனென்றால் அசல் புத்தகம் மாதிரியே பக்கம் வடிவமைக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஹோம்ப்ரூவை எடை போட எஸ்ஆர்டியே தராசு. முதல் நிலை மந்திரமான மேஜிக் மிசைல் மூன்று அம்புகளை விடும், சராசரியாக 10 புள்ளிக்குக் கொஞ்சம் மேல் சேதம். மூன்றாம் நிலை மந்திரமான ஃபயர்பால் எட்டு ஆறுமுகப் பகடை, ஆளுக்குச் சராசரி 28. ஒருவர் எழுதிய "முதல் நிலை" மந்திரம் 28 புள்ளி எரித்தால் அதை எழுதியவர் தன் மந்திரவாதிக்காக எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு கை பெருவாளுக்கு இரண்டு ஆறுமுகப் பகடை. அதைத் தாண்டும் சாதாரண வாள் எதுவும் சாதாரணமில்லை. சந்தேகம் வந்தால் எஸ்ஆர்டியில் அதே நிலையில் இருக்கும் இன்னொன்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சரி தவறு உடனே தெரிந்துவிடும்.

இடைக்காலமே ஒரு களஞ்சியம்

கடைசியாக, விளையாட்டுத் தளங்களில் தேடுபவர்கள் பெரும்பாலும் போகாத ஓர் இடம். இந்த விளையாட்டின் வாளும் கவசமும் மதிலும் இடைக்கால ஐரோப்பாவிலிருந்து வந்தவை. அந்தக் காலத்தின் அசல் பொருட்கள் இன்று திறந்து கிடக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017இல் தன்னிடமுள்ள, உரிமைக் காலம் முடிந்த பொருட்களின் படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அங்கே கவசங்களுக்கும் ஆயுதங்களுக்கும் தனிப் பிரிவே உண்டு. வீரர்கள் கண்டெடுக்கும் வாள் எப்படி இருக்கும் என்று வாயால் விவரிப்பதற்குப் பதில் படத்தையே காட்டலாம். இங்கிலாந்தில் 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பு, எந்த ஊரில் எத்தனை கலப்பை, எத்தனை ஆலை, யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. ஒரு கற்பனைக் கிராமத்துக்கு எலும்பும் சதையும் வேண்டுமென்றால் அதில் ஒரு பக்கம் பார்த்தால் போதும். கற்பனை உலகம் பற்றி முந்நூறு பக்கம் எழுதிய புத்தகங்களைவிட எனக்கு இது அதிகம் உதவியிருக்கிறது.

பூதங்களுக்கு அபர்தீன் பெஸ்டியரி. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எழுதி வண்ணம் தீட்டிய விலங்கு நூல். அபர்தீன் பல்கலைக்கழகம் ஏடு ஏடாக, ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் டிராகன் நெருப்பால் யானையைக் கொல்வதில்லை, வாலால் சுற்றி நெரித்துக் கொல்கிறது. பாந்தர் என்ற சிறுத்தை, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து ஏப்பம் விட்டால் வாயிலிருந்து ஒரு நறுமணம் எழும். எல்லா மிருகங்களும் அந்த வாசனைக்குப் பின்னால் போகும். டிராகன் மட்டும் பயந்து நிலத்தடிக் குகைக்குள் ஓடி ஒளியும்.

ஒரு சாகசத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஊரை வாட்டும் டிராகன், மலைக்கு அப்பால் எங்கோ ஒரு சிறுத்தை, அதை உயிரோடு பிடித்துவர நான்கு பேர். எஸ்ஆர்டி 5.1இல் பாந்தருக்கு ஏசி 12, ஹிட் பாயின்ட் 13 என்று எண்கள் தயாராக இருக்கின்றன. ஏப்பத்துக்கான விதியை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.